தேவையான அளவுன்னா எவ்வளவும்மா?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மீன் குழம்பை நாய்க்குக்கூட வைக்கல.

(எங்க வீட்டுல நாய் கிடையாது. இருந்திருந்தாலும் வெச்சிருக்க மாட்டேன். பாவம்.)

காலைல ஏழு மணிக்கே நொச்சிக்குப்பம் போய், பேரம் பேசறதா நெனச்சிக்கிட்டு அவங்க சொன்ன விலையையே குடுத்து, ஒரு கிலோ வஞ்சிரம் துண்டு போட்டு வாங்கிட்டு வந்தேன். அத்தனையும் புளித்தண்ணில முங்கிப் போச்சு. வீட்டுக்காரர் ஒரு வாய் வெச்சார். ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு. "நல்லாருக்கு, கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னார். இருபத்திமூணு வருஷமா குடும்பம் நடத்தற மனுஷன், எதை எப்படிச் சொல்லணும்னு தெரியும். பொண்ணுக்கு அந்த அனுபவம் போதாது. "ம்மா, இது குழம்பா, மீன் போட்ட ரசமா?"ன்னு கேட்டா.

தப்பு என் மேல இல்லைங்க. ரெசிபி மேல. அதை அப்படியே இங்க எழுதறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

வஞ்சிரம் 1 கிலோ. சின்ன வெங்காயம் ஒரு கை. பூண்டு கொஞ்சம். தக்காளி 3. குழம்புத் தூள் 3 கரண்டி. புளி தேவையான அளவு. உப்பு தேவையான அளவு. தண்ணி தேவையான அளவு. பதமா வந்ததும் மீன் போடவும்.

முடிஞ்சுது. இவ்வளவுதான் எங்கம்மா எழுதி வெச்சது.

எவ்வளவு தேவைன்னு எனக்கே தெரிஞ்சா நான் எதுக்கு ரெசிபியைப் பிரிக்கறேன்? டாக்டர் சீட்டுல "மாத்திரை தேவையான அளவு, உடம்பு பதமா வந்ததும் நிறுத்தவும்"னு எழுதிக் குடுத்தா சும்மா இருப்போமா?

அம்மாவுக்கு போனைப் போட்டேன். (அம்மா மயிலாப்பூர், நான் அடையாறு. நடுவுல ஒரு ஆறு, திரு.வி.க. பாலம், அப்புறம் முப்பது வருஷச் சமையல் அனுபவம்.)

"புளி எவ்வளவும்மா போடணும்?"

"எலுமிச்சம்பழம் அளவு."

"எந்த எலுமிச்சம்பழம்? ஆடி மாசம் முண்டகக்கண்ணி அம்மனுக்கு மாலை கோக்கறமே, அந்தச் சின்னதா? ஊறுகாய்க்கு வாங்கறமே, அந்தப் பெருசா?"

"என்னடி கேள்வி இது? குழம்புக்கு எவ்வளவு வேணுமோ, அந்த எலுமிச்சம்பழம்."

போனை வெச்சுட்டேன். வேற என்ன செய்யறது.

இந்தக் குழம்பு எங்க எழுதியிருக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. எஸ். மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' முதல் பாகம் இருக்குல்ல? சுத்த சைவச் சமையல் புத்தகம். அதோட கடைசி வெத்துப் பக்கத்துல, நீல மை பேனாவால, வஞ்சிர மீன் குழம்பு.

அதுக்கு ஒரு கதை இருக்கு. 1974ல அம்மா கல்யாணமாகி வந்தது கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால ஒரு சந்து வீட்டுக்கு. எதிர் வீட்டு மாமிதான் கல்யாணப் பரிசா அந்தப் புத்தகத்தைக் குடுத்தாங்க. அப்பல்லாம் கல்யாணப் பரிசுன்னா குத்துவிளக்கு, எவர்சில்வர் டம்ளர், 'சமைத்துப் பார்'. இந்த மூணுல எது ரெண்டாவதா வந்தாலும் யாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்க. அம்மாவும் பயபக்தியோட அதைப் பார்த்துதான் மோர்க்குழம்பு, பருப்புசிலியெல்லாம் கத்துக்கிட்டாங்க. ஆனா மாமியார் (எங்க ஆயா) சொல்லிக்குடுத்த மீன் குழம்பை எழுதி வைக்க வேற பேப்பர் கிடைக்கல போல.

அப்பப்போ மாமியே "அந்தப் புஸ்தகத்தைக் குடேன், ஒண்ணு பார்த்துட்டு தரேன்"னு கேட்பாங்களாம். அம்மா உடனே பிரவுன் அட்டை போட்டு, கடைசிப் பக்கத்தை அட்டை மடிப்புக்குள்ள சொருகி, பசை தடவிக் குடுப்பாங்களாம். திரும்பி வந்ததும் பிரிப்பாங்க. மீன் குழம்பு அத்தனை வருஷம் மாறுவேஷத்துல வாழ்ந்திருக்கு.

குழம்பு பாழான கோவத்துல அந்தப் புத்தகத்தையே முன்னால இருந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க மீனாட்சி அம்மாள் மேல மரியாதை ஏறிக்கிட்டே போச்சு.

சின்ன வயசுலயே கணவரை இழந்தவங்க. குடும்பத்தைச் சுமந்தவங்க. சமையல்ல பேர் போனவங்கங்கறதால சொந்தத்துல ஆளாளுக்கு "இது எப்படிப் பண்றது, அது எப்படிப் பண்றது"ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர்தான், ஒவ்வொருத்தருக்கா சொல்றதை விட்டுட்டு ஒரு புத்தகமாவே எழுதிடுன்னு உற்சாகப்படுத்தினாராம். 1951ல முதல் பாகம் வந்துச்சு. அப்புறம் இன்னும் ரெண்டு பாகம். 1962ல அவங்க காலமாயிட்டாங்க. புத்தகம் மட்டும் இன்னிக்கும் போயிக்கிட்டே இருக்கு. 2001ல பேத்தி பிரியா ராம்குமார் மூலமா பெங்குவின்ல ஆங்கிலத் தொகுப்பும் வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, குடும்ப ரெசிபியை ஒழுங்குபடுத்தறதுன்னு நான் இன்னிக்கு அலட்டிக்கறேனே, அதை எழுபது வருஷத்துக்கு மேல முன்னாடியே ஒரு அம்மா முடிச்சுட்டுப் போயிட்டாங்க. யாரோ ஒருத்தர் விடாம கேட்டதுனாலதான் அதுவும் நடந்திருக்கு. (கேள்வி கேட்கற சொந்தக்காரங்களைத் திட்டாதீங்க. நானும் இனிமே திட்டப் போறதில்ல.)

படிச்சா இன்னொண்ணு புரியும். பக்கத்துல நின்னு பார்க்க முடியாத ஒரு பொண்ணை மனசுல வெச்சுக்கிட்டு எழுதியிருக்காங்க. புதுசா கல்யாணமாகி எங்கயோ வெளியூர்ல தனிக்குடித்தனம் போயிட்ட பொண்ணு. அவளுக்கு "பதமா"ன்னு சொன்னா புரியாது. அதனால அளவு சொல்லியே ஆகணும்.

எங்கம்மா யாருக்காக எழுதினாங்க? அவங்களுக்காகவே. அதே அடுப்பு, அதே சட்டி, அதே புளி ஜாடி. தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்? மறந்துபோறதை மட்டும் எழுதினா போதும். தக்காளி மூணுங்கறது மறந்துபோகும். புளி கையில இருக்கு, அது எங்க போகப்போகுது?

ஆக "தேவையான அளவு"ங்கறது சோம்பேறித்தனம் இல்ல. "பக்கத்துல நான் இருக்கேன், அப்புறம் என்ன?"ங்கற தைரியம். அந்த வீட்டுல இருந்து நான் அடையாறுக்கும், தம்பி பெங்களூருக்கும் போனப்புறம்தான் அது ஓட்டையாச்சு.

சரி, மீனாட்சி அம்மாள் அளவு குடுத்துட்டாங்க, பிரச்சினை தீர்ந்துச்சான்னா, அதுவும் இல்ல. ஆழாக்குன்னு வரும். ஆழாக்குன்னா எவ்வளவுங்கறது என் பொண்ணுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது!

எட்டு ஆழாக்கு ஒரு படி. இதுவரைக்கும் சண்டை இல்ல. ஆனா படி ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி பெருசு. படி பெருசுன்னா ஆழாக்கும் பெருசுதானே? எடைக்குப் பலம்னு ஒண்ணு. மூணு ரூபாய் எடை ஒரு பலம், இன்னிக்குக் கணக்குல 35 கிராம். ரூபாய் எடைன்னா நிஜமாவே பழைய வெள்ளி ரூபாய் நாணயத்தோட எடைதான், கிட்டத்தட்ட 11.66 கிராம். காசையே எடைக்கல்லா வெச்சு அளந்திருக்காங்க. 1956ல சட்டம் வந்து, 1958ல இருந்து படிப்படியா கிலோ, கிராமுக்கு நாடு மாறிச்சு. புத்தகம் வந்து ஏழே வருஷம்! அதுல இருக்கற எடையைப் போட கடைல கல்லே இல்லாம போக ஆரம்பிச்சுடுச்சு.

(வெளிநாட்டுக்காரங்களும் இதே பாட்டைப் பட்டவங்கதான். ஃபேனி ஃபார்மர்னு ஒரு அமெரிக்கச் சமையல் டீச்சர், 1896ல ஒரு புத்தகம் போட்டு, ஸ்பூன்ல குவிச்சு எடுக்காதீங்க, கத்தியால மட்டமா வழிச்சுவிடுங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டாங்க. அங்கயும் அதுவரைக்கும் "தேவையான அளவு"தான் ஓடியிருக்கும் போல.)

இப்போ எங்க வீட்டு ஆவணக் காப்பகத்தைப் பத்திச் சொல்றேன்.

ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ள தினசரி காலண்டர்ல கிழிச்ச தாள்கள் (முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் வடகறி). எல்.ஐ.சி. டைரி ஒண்ணு. பத்திரிகையோட வந்த இணைப்புப் புத்தகத்துல இருந்து வெட்டின துண்டுகள். அரிசிக்கடை பில் பின்னால கத்திரிக்காய் கொத்சு. ஒரு கல்யாணப் பத்திரிகை உறைமேல "லட்டு, சிவகாமி அக்கா சொன்னது"ன்னு தலைப்பு மட்டும். அதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. சிவகாமி அக்கா யாருன்னு அம்மாவுக்கே ஞாபகம் இல்ல. லட்டும் போச்சு, அக்காவும் போச்சு.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அவங்க ரெசிபியெல்லாம் அம்மா கையெழுத்துல இருக்கு. அதுல மட்டும் நடுநடுவுல ஒரு வேடிக்கை: "கிளறும்போது பேசக்கூடாது"ன்னு ஒரு வரி. அது சமையல் குறிப்பா, மருமகளுக்குக் குடுத்த டோஸான்னு இன்னிவரைக்கும் தெரியல.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தறேன்னு நான் கிளம்பின கதை தனி.

முதல் முயற்சி, எக்செல். பதினாலு காலம் போட்டு, கலர் அடிச்சு, பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கரண்ட் பில் எவ்வளவு வந்திருக்கு?"ன்னு கேட்டாங்க.

ரெண்டாவது, நோட்டு. அகர வரிசைல எழுதலாம்னு உட்கார்ந்தேன். மீன் குழம்பு 'ம'ல வருமா, 'க'ல வருமா? 'ம'ன்னா மோர்க்குழம்பும் மிளகுக்குழம்பும் அங்கயே வந்துடும். அப்போ வத்தக்குழம்பு மட்டும் 'வ'ல அனாதையா கிடக்கும். 'க'ல போட்டா எல்லாக் குழம்பும் கூட்டுக்குடும்பம், கூட்டும் அங்கயே. மூணு நாள் இதுலயே போச்சு. ஒரு ரெசிபிகூட எழுதல.

மூணாவது, வாட்ஸப் குரல் பதிவு. அம்மாவைப் பேச விட்டுப் பதிவு பண்ணிட்டா போச்சுன்னு நெனச்சேன். 61 பதிவு வந்துச்சு. ஒவ்வொண்ணும் நாலு நிமிஷம். அதுல சமையல் இருபது செகண்ட். மீதி, மாடி வீட்டுக்காரங்க தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டாங்க, நீ எப்போ வர்ற, சாப்பிட்டியா. அப்புறம் போனைத் தண்ணில போட்டேன். பேக்கப் எடுத்து வைக்காதது என் தப்பு. சமையல் போனதைவிட அந்த மோட்டார் கதையெல்லாம் போச்சேன்னுதான் இப்போ வருத்தமா இருக்கு.

நாலாவதுதான் உருப்பட்டுச்சு. அதுக்குக் காரணம் ஒரு டிஜிட்டல் தராசு.

அம்மாகிட்ட "எவ்வளவு போடற?"ன்னு கேட்டா பதில் வராது. "அளந்து போடும்மா"ன்னா இன்னும் மோசம். ஸ்பூனைக் கையில குடுத்துட்டா, அவங்க கையே மறந்துபோகுது. அன்னிக்குச் சமையல் யார் வீட்டுச் சமையலோ மாதிரி ஆயிடும். அதனால கேட்கவே இல்ல. புளி ஜாடியை அப்படியே தூக்கித் தராசுல வெச்சு எடை குறிச்சிக்கிட்டேன். அம்மா வந்து வழக்கம்போல கையை விட்டுப் பிச்சு எடுத்துப் போனதும், ஜாடியை மறுபடி எடை போட்டேன். முன்னதுல இருந்து பின்னதைக் கழிச்சா வர்றதுதான் அம்மாவோட கை.

உப்பு ஜாடி, குழம்புத் தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, எல்லாத்துக்கும் இதே. "என்னடி, நான் என்னமோ திருடற மாதிரி பின்னாடியே கணக்கு எடுக்கற?"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. கண்டுக்கல.

மூணு ஞாயித்துக்கிழமை. ஒரு கிலோ மீனுக்குப் புளி: 54, 57, 55 கிராம். கல் உப்பு: 28, 29, 28.

அசந்துட்டேன்! கண்ணளவு, கண்ணளவுன்னு நாம கேலி பண்ற அந்தக் கண்ணு எவ்வளவு துல்லியமா இருக்கு பாருங்க. நான் பாழாக்கின குழம்புக்குப் போட்ட அதே சைஸ் உருண்டையை எடுத்து எடை போட்டேன். 95 கிராம். என் எலுமிச்சம்பழம் சாத்துக்குடியா இருந்திருக்கு.

பக்கத்துல நின்னதுல இன்னும் ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. அம்மா மாசி, பங்குனில புதுப் புளி வரும்போது மொத்தமா வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடில அமுக்கி வைப்பாங்க. அதாவது அந்தப் புளிலயே உப்பு இருக்கு! அது தெரியாம நான் பாக்கெட் புளி வாங்கி, அதே உப்பைப் போட்டா எப்படிச் சரியா வரும்? அப்புறம் கல் உப்பு. ஒரு ஸ்பூன் கல் உப்பைவிட ஒரு ஸ்பூன் தூள் உப்பு எடை அதிகம், நடுவுல இடைவெளி இல்லாம நெருங்கி உட்காரும். எடை போட்டா ரெண்டும் ஒண்ணுதான். ஸ்பூன்ல அளந்தா கரிச்சுடும்.

"இதையெல்லாம் ஏம்மா எழுதல?"

"இதையெல்லாமா எழுதுவாங்க?"

அதானே.

அப்புறம் டம்ளர் விவகாரம். இதுதான் இந்தப் பதிவோட கதாநாயகன், இவ்வளவு தாமதமா வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க.

அம்மாவோட ரெசிபி எல்லாத்துலயும் "ஒரு டம்ளர்"னு வரும். எந்த டம்ளர்னு நான் கேட்டதே இல்ல. டம்ளர்னா டம்ளர். எங்க வீட்டுல நான் அளக்கறது ஒரு நாள் ரைஸ் குக்கரோட வந்த பிளாஸ்டிக் கப், ஒரு நாள் கேக் பண்ண வாங்கின கப். குக்கர் கப் 180 மில்லி (அது ஜப்பான்காரங்களோட பழைய அரிசி அளவாம், குக்கரோட கூடவே வந்துடுச்சு). கேக் கப் கிட்டத்தட்ட 240 மில்லி, அமெரிக்கா அளவு. அம்மா வீட்டு அரிசி டப்பாக்குள்ள எப்பவும் ஒரு டம்ளர் கிடக்கும். அதை எடுத்துத் தண்ணி ஊத்தி எடை பார்த்தேன். 165.

அப்பதான் பத்து வருஷ மர்மம் உடைஞ்சுது. ஒவ்வொரு பொங்கலுக்கும் என் சர்க்கரைப் பொங்கல் ஏன் சப்புனு இருக்கு? அம்மா எழுதினது "அரிசி ஒரு டம்ளர், வெல்லம் கால் கிலோ". நான் 240 மில்லி கப்ல அரிசியைப் போட்டுட்டு, வெல்லத்தை மட்டும் கரெக்டா 250 கிராம் போட்டிருக்கேன். அரிசி கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு! இனிப்பு எங்க இருந்து வரும்?

இட்லிக்கு நாலுக்கு ஒண்ணுன்னு போடும்போது எந்த டம்ளரா இருந்தாலும் கவலை இல்ல, ரெண்டையும் ஒரே டம்ளர்ல அளந்தா போதும். டம்ளரும் கிலோவும் ஒரே ரெசிபில கைகோத்து வந்தாதான் நாம காலி. உங்க அம்மா நோட்டை எடுத்துப் பாருங்க. பாதிக்குப் பாதி இப்படித்தான் இருக்கும்.

அந்த டம்ளர் அடில புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கு. "ப.வ. 12-6-74". கல்யாணத்துக்கு யாரோ வெச்ச மொய். ப.வ. யாருன்னு அம்மாவுக்கும் தெரியல, சித்திக்கும் தெரியல. அந்த முகம் தெரியாத ப.வ.தான் ஐம்பது வருஷமா எங்க வீட்டு ருசியைத் தீர்மானிச்சிருக்கார். அன்னிக்கு அவர் கொஞ்சம் தாராள மனசோட பெரிய டம்ளரா வாங்கியிருந்தா, எங்க வீட்டுச் சர்க்கரைப் பொங்கலே வேற.

ஒரு ரெசிபிக்குள்ள கடையும் ஒளிஞ்சிருக்கும். அம்மாவோட தீபாவளி லேகியக் குறிப்புல முதல் வரி என்ன தெரியுமா? "டப்பா செட்டி கடை சாமான் 1 பொட்டலம்". கச்சேரி ரோட்டுல இருக்கற நாட்டு மருந்துக் கடைதான். சுக்கு எவ்வளவு, அரிசித் திப்பிலி எவ்வளவு, ஒண்ணும் கிடையாது. மயிலாப்பூர்ல இருக்கறவங்களுக்கு அது போதும். பெங்களூர்ல இருக்கற தம்பி என்ன செய்வான்? அதனால இந்தத் தடவை பொட்டலத்தைப் பிரிச்சு ஒவ்வொண்ணா எடை போட்டு எழுதி வெச்சிருக்கேன். (எழுதிட்டு மறுபடி அதே கடைலதான் வாங்கினேன். அவன் குடுக்கற கலவை அவன் குடுக்கறதுதான்.)

குழம்புத் தூள்ல இன்னொரு பாடம். ஒரு கிலோ மிளகாய், ஒண்ணேகால் கிலோ தனியா, பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் எழுதியிருந்துச்சு. சித்திரை வெயில்ல மாடில காயவெச்சு (எங்க அடுக்குமாடி சங்கத்துச் செயலாளர் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுத் தும்மிட்டுப் போனார்), மிஷின்ல குடுத்து அரைச்சு வந்தேன். ஆனாலும் அந்த வருஷம் பூரா குழம்பு கூழ் மாதிரி கொழகொழன்னு நின்னுச்சு. மிஷின்ல எனக்கு முன்னாடி யாரோ கேழ்வரகு அரைச்சிருக்காங்க! "நமக்கு முன்னாடி மிளகாய் அரைச்சவங்க போகட்டும்னு காத்திருந்து குடுக்கணும், கோதுமை கேழ்வரகுக்கு அப்புறம் குடுக்கவே கூடாது"ன்னு அம்மா அப்புறமா சொன்னாங்க. தூள் ரெசிபில இப்போ அதுதான் முதல் வரி.

இனி நான் எப்படி அடுக்கி வெச்சிருக்கேன்னு சொல்லிடறேன். அகர வரிசையைத் தூக்கிப் போட்டாச்சு. அம்மா மனசுல சமையல் அகர வரிசைல இல்ல. "திடீர்னு யாராவது வந்துட்டா", "உடம்பு முடியலன்னா", "ஞாயித்துக்கிழமை", "நாள் கிழமை", "வருஷத்துக்கு ஒரு தடவை" (தூள், வடாம், ஊறுகாய், புளி). அவ்வளவுதான், அஞ்சு கட்டு. யாரைக் கேட்டாலும் இந்த வரிசைலதான் ஞாபகம் வருது. காய்ச்சல் வந்தவ 'ம' எடுத்து மிளகு ரசம் தேட மாட்டா.

ஒவ்வொரு தாள்லயும் யார் சொன்னது, எந்த வருஷம்னு போடறேன். இது முக்கியம். ஏன்னா எங்க அத்தை இதே மீன் குழம்புல தக்காளி போட மாட்டாங்க, மாங்காய்தான் போடுவாங்க. "மாங்காய் போட்டா அது மீன் குழம்பே இல்ல"ன்னு அம்மா. "தக்காளி போட்டா அது சாம்பார்"னு அத்தை. ரெண்டும் ஆயாகிட்ட கத்துக்கிட்டதுதானாம்! நான் சமாதானம் பண்றேன்னு ரெண்டையும் கலந்து ஒரு ரெசிபி எழுதினேன். ரெண்டு பேருக்கும் பிடிக்கல. நாலு நாள் ரெண்டு பேருமே என்கூடப் பேசல. இப்போ தனித்தனித் தாள். அத்தை தாளோட கீழ சின்னதா, "அம்மா ஒத்துக்க மாட்டாங்க"ன்னு ஒரு குறிப்பு.

அப்புறம், பாழானதையும் எழுதறேன். "95 கிராம் புளி போட்டேன், யாரும் சாப்பிடல." என் பொண்ணு ஒருநாள் இதைப் படிச்சுச் சிரிப்பா. சிரிச்சுட்டு 55 போடுவா. அது போதும்.

இவ்வளவும் எழுதினப்புறம் ஒரு சிக்கல். எல்லாத் தாள்லயும் "டம்ளர்"னுதான் இருக்கு. ப.வ. டம்ளரோ ஒண்ணே ஒண்ணு. தம்பி அதுல கண்ணு வெச்சிருக்கான், எனக்குத் தெரியும்.

அதனால போன வியாழக்கிழமை தி.நகர் போனேன். கைப்பைக்குள்ள தராசு, ஒரு பாட்டில் தண்ணி. பாத்திரக்கடைல மூணாவது மாடி, டம்ளர் செக்‌ஷன். ஒவ்வொரு டம்ளரா எடுத்து விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி எடை பார்த்தேன். கடைப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு மெதுவா வந்து, "அக்கா, நம்ம கடை டம்ளர் ஒழுகாதுக்கா"ன்னான்.

பதினாலாவது டம்ளர் 164 காட்டிச்சு. ஒரு மில்லிக்காக நான் சண்டைக்கு நிக்கல. மூணு வாங்கினேன். தம்பிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு (அவகிட்ட இன்னும் சொல்லல).

கீழ பேர் வெட்டறவர் உட்கார்ந்திருந்தார். "என்ன பேர் வெட்டணும்மா?"

யோசிச்சேன். எதிர்காலத்துல ஒருத்தி உட்கார்ந்து "ப.வ. யாரு?"ன்னு மண்டையை உடைச்சிக்கக் கூடாதே.

"165னு வெட்டுங்க."

"அது நம்பரு. பேரு?"

"அதாங்க பேரு."

ஒரு மாதிரி பார்த்தார். ஆனா அழகா வெட்டிக் குடுத்தார்.

நேரா மயிலாப்பூர் போய் அம்மா கையில ஒண்ணைக் குடுத்தேன். பெருமையா நின்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, டம்ளரைத் திருப்பி, அடில இருந்ததைப் படிச்சாங்க. தட்டிப் பார்த்தாங்க. என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"இதுக்கா 165 ரூபா குடுத்த? ஏமாந்துட்டியேடி."